போர் கண்ட ஊர்களின் மறுவாழ்வுச் சிகிச்சையாளர்களுக்குத் தோட்டத்து ஊரில் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டப்புற ஊரான சுங்கை சிப்புட்டில் வெளிநாட்டுச் சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி என்று சொன்னால், கோலாலம்பூரில் இல்லாத எது இங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். செம்மண் பாதை இருக்கிறது. வாசலில் படி வைத்த பழைய லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, இருக்கிறது. மழை பெய்தால் சக்கர நாற்காலி புதைந்துபோகும் செம்பனைக்காடு இருக்கிறது. நீரிழிவில் ஒரு காலை இழந்தபின் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்ட தாத்தாக்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் நாள்தோறும் முட்டிமோதுவது இவற்றோடுதான்.

போரால் பாதிக்கப்பட்ட நாடுகளிலிருந்து மறுவாழ்வுச் சிகிச்சையாளர்களைச் சில வாரங்கள் வரவழைத்துப் பயிற்சி தர நினைக்கும் சிறு ஊர்ச் சங்கங்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வட இலங்கையைச் சார்ந்தவை. மொழிபெயர்ப்பாளர் செலவு மிச்சம் என்பது அதற்கு முதல் காரணம். கம்போடியாவிலிருந்து அழைத்தாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து அழைத்தாலும் செய்ய வேண்டிய வேலையின் வரிசை மாறாது.

நம் தோட்டங்களுக்குப் போர் தெரியாத விஷயமும் அல்ல. 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர்கள் கதை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. காட்டுப் புண் முற்றிக் கால் வெட்டப்பட்டவர்கள் அந்த முகாம்களில் ஏராளம். 1948 ஜூன் 16இல் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் பிறந்ததும் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான்.

படி 1: யாரை அழைப்பது

பொது அறிவிப்புக் கொடுத்து விண்ணப்பம் கேட்டால், அழகாகக் கடிதம் எழுதத் தெரிந்தவர்தான் முதலில் தேர்வாவார். அவர் பெரும்பாலும் தலைநகரத்தில், மேசைக்குப் பின்னால் இருப்பவர். நமக்கு வேண்டியவர் வேறு: மாவட்ட மருத்துவமனையிலோ செயற்கைக் கால் மையத்திலோ தினமும் நோயாளியைத் தொட்டு வேலை செய்பவர், குறைந்தது மூன்றாண்டு அனுபவம் உள்ளவர், திரும்பிப் போனதும் அதே இடத்தில் வேலையைத் தொடரப்போகிறவர்.

ஒருவரை மட்டும் அழைக்காதீர்கள். தனியாகத் திரும்புகிறவர் இரண்டே மாதத்தில் பழைய வழக்கத்துக்குள் அமிழ்ந்துவிடுவார். "மலேசியாவில் இப்படிச் செய்தார்கள்" என்று அவர் சொல்வது சக ஊழியர்களுக்குப் பெருமையடிப்பதாகத்தான் கேட்கும். ஒரே இடத்திலிருந்து இருவர் வர வேண்டும். ஒருவர் பிசியோதெரபிஸ்ட் என்றால் மற்றவர் செயற்கைக் கால் தொழில்நுட்பரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ ஆக இருக்கட்டும். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது அவசியம். போருக்குப் பிறகு வடக்கில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் மிகுதி. தொடை வரை கால் போன ஒரு பெண் ஆண் சிகிச்சையாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

தாமே கால் இழந்த சிகிச்சையாளர் இருந்தால் முன்னுரிமை கொடுங்கள். காபூலில் செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் எலும்பியல் மையத்தில், இத்தாலியரான அல்பர்ட்டோ கைரோவின் காலத்தில், முன்னாள் நோயாளிகளையே பயிற்றி ஊழியர்களாக்கினார்கள். நோயாளி சோர்ந்துபோகும் நேரத்தில், செயற்கைக் காலோடு எதிரே நடந்து வருபவருக்கு இருக்கும் அதிகாரம் பட்டத்துக்குக் கிடையாது. தமிழர்களை மட்டும்தான் அழைப்போம் என்றும் கதவைச் சாத்தாதீர்கள். வடக்கில் வேலை செய்யும் சிங்கள, முஸ்லிம் சிகிச்சையாளர்களும் அதே நோயாளிகளைத்தான் பார்க்கிறார்கள்.

"மேற்பார்வைக்கு அதிகாரி ஒருவரும் உடன் வருவார்" என்று கடிதம் வந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். அந்த டிக்கெட்டில் இன்னொரு சிகிச்சையாளர் வரலாம்.

படி 2: வருமுன் அனுப்ப வேண்டியது

"என்ன கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால் "நவீன முறைகள்" என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கூடத் திட்டமிட முடியாது. அதற்குப் பதிலாக, தங்களைத் திணறடிக்கும் நான்கு நோயாளிகளின் விவரத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம். வயது, காயம் எப்படி ஏற்பட்டது, வீடு எப்படிப்பட்டது, என்ன செய்து பார்த்தார்கள், எங்கே தடைப்பட்டது என்பவை போதும். கூடவே சிகிச்சை அறையின் படம் ஒன்றும், இருக்கும் கருவிகளின் பட்டியலும் வரட்டும். பாடத்திட்டம் முழுவதும் இந்த நான்கு பேரிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

அவர்களுடைய மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் ஒரு பக்கக் கடிதமும் வாங்குங்கள்: திரும்பியதும் ஓராண்டுக்கு இடமாற்றம் செய்ய மாட்டோம், வாரத்தில் ஒரு மணி நேரம் மற்றவர்களுக்குக் கற்பிக்க அனுமதிப்போம். இதற்கே தயங்குகிற நிர்வாகத்திலிருந்து ஆளை வரவழைத்துப் பயன் இல்லை.

படி 3: அனுமதிகள்

சலிப்பான வேலைதான், ஆனாலும் இங்கே சறுக்கினால் மற்றது எதுவும் நடக்காது.

இலங்கைக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு மலேசியா வர விசா தேவை. சுற்றுலா விசாவில் வந்து மருத்துவமனையில் பயிற்சி பெறலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அழைக்கும் அமைப்பு முன்கூட்டியே குடிநுழைவுத் துறையிடம் தொழில்முறை வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் மலேசிய வருகை அட்டையை நிரப்புவதையும் நினைவூட்டுங்கள்.

அதைவிட முக்கியமானது 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இச்சட்டப்படி, பிசியோதெரபிஸ்டும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் பதிவு பெற்றே இங்கே தொழில் செய்ய முடியும். ஆகவே விருந்தினர்கள் பார்க்கலாம், கேட்கலாம், குறிப்பெடுக்கலாம், ஒருவர்மேல் ஒருவர் பழகலாம். நோயாளிக்குத் தாமாகச் சிகிச்சை அளிக்கக் கூடாது. இந்த எல்லையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரசாங்க மருத்துவமனை என்றால் இயக்குநரின் எழுத்துமூல இசைவும் வேண்டும். அது வர மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டே தேதி குறியுங்கள்.

பெரிய அளவில் செய்ய விரும்பினால், 1980 முதல் நடைபெறும் மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின் வாசலையும் தட்டிப் பார்க்கலாம். வளரும் நாடுகளின் அரசாங்க ஊழியர்களுக்கு மலேசியா பயிற்சி கொடுப்பது அதன் வழியாகத்தான். அரசாங்கத்துக்கு அரசாங்கம் பேச வேண்டிய திட்டம் என்பதால் ஊர்ச் சங்கத்தின் அவசரத்துக்கு அது ஓடி வராது.

படி 4: எதை முதலில் காட்டுவது

வழக்கமாக எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே மிகப் பெரிய மையம், பளபளக்கும் கருவிகள், இயக்குநருடன் புகைப்படம். கடைசி நாள் மாலையில், நேரம் மிச்சம் இருந்தால், ஒரு கிராமம். ரோபோ உதவியோடு நடக்கப் பழக்கும் இயந்திரத்தை முதல் நாளே பார்த்துவிட்டவருக்கு அதன்பின் கண்ணாடியும் கட்டுத்துணியும் ஏழை வைத்தியமாகவே தெரியும்.

நான் சொல்வது நான்கு வாரத் திட்டம். இரண்டு வாரத்துக்குக் குறைந்தால் அதைச் சுற்றுலா என்றே அழைத்துவிடலாம்.

முதல் வாரம் வீடுகளும், பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையமும். சமூக அடிப்படையிலான மறுவாழ்வு மலேசியாவில் 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கியது. இன்று நாடெங்கும் இருக்கும் பிடிகே மையங்களில் பெற்றோர்களும் உள்ளூர்க்காரர்களும் பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள். சமூகநல இலாகா துணை நிற்கிறது. ஒரு மாவட்டத்துக்கே ஓரிரு சிகிச்சையாளர்கள்தான் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதைவிட உதவும் பாடம் வேறு இல்லை: தன் வேலையில் எதை ஒரு தாயிடம் நம்பிக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது.

இரண்டாம் வாரம் உள்ளூர் மருத்துவமனை. மூன்றாம் வாரம் சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ஈப்போ. கடைசியில்தான் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ மலாக்காவில் 2014இல் திறந்த துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம். அங்கே கருவிகளைவிடக் கவனிக்க வேண்டியது, 2007 முதல் சொக்சோ நடத்தும் வேலைக்குத் திரும்பும் திட்டம். விபத்தில் அடிபட்ட தொழிலாளியின் பெயரில் ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்படுகிறார்; அவர் மருத்துவரிடமும் பேசுகிறார், முதலாளியிடமும் பேசுகிறார், பழைய வேலை முடியாது என்றால் மாற்று வேலைக்கு வழி தேடுகிறார். இந்த ஏற்பாட்டை நோட்டுப் புத்தகத்திலேயே ஊருக்குக் கொண்டுபோகலாம்.

படி 5: என்ன கற்பிப்பது, என்ன கற்றுக்கொள்வது

நம்மிடம் கால் இழப்பவர்களில் பெரும் பகுதியினர் நீரிழிவுக்காரர்கள். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. வருகிறவர்கள் பார்த்திருப்பதோ கண்ணிவெடியும் எறிகணையும். இரண்டும் முழங்காலுக்குக் கீழ் வெட்டு என்று ஒரே பெயரில் எழுதப்பட்டாலும் வெவ்வேறு பிரச்சினைகள். பயிற்சியில் பாதி நேரத்தை இந்த வேறுபாட்டுக்கே கொடுக்கலாம்.

நீரிழிவுக்காரருக்கு இரத்த ஓட்டம் குறைவு, உணர்ச்சி குறைவு. மிச்சமிருக்கும் காலைக் காப்பதே முதல் வேலை. புதுச் செயற்கைக் கால் உரசிப் புண் வந்தால் அவருக்குத் தெரியாது. தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வெடியில் கால் போனவர் பெரும்பாலும் இளையவர். இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், ஆனால் காயம் ஒரு காலோடு நிற்பதில்லை: மற்றக் காலில் சிதறல், கையில் விரல் இழப்பு, செவிப்பறைக் கிழிவு. "சொன்னதைச் செய்வதில்லை" என்று குறை கூறப்படும் நோயாளிக்குக் காது கேட்காமலே இருக்கலாம். வெட்டிய எலும்பின் நுனியைச் சுற்றித் தசைக்குள் புது எலும்பு வளர்வதும் வெடிக்காயத்தில் அடிக்கடி நிகழ்வது. உடம்பில் உலோகத் துண்டு தங்கியிருந்தால் அந்த இடத்தில் ஷார்ட்வேவ் டயாதெர்மி, அதாவது மின்காந்த அலையால் உள்தசையைச் சூடேற்றும் சிகிச்சை, கொடுக்கக் கூடாது. இவற்றை நம் இளம் சிகிச்சையாளர்கள் புத்தகத்தில்தான் படித்திருப்பார்கள். ஆகவே வாரம் ஒரு வகுப்பை விருந்தினர்களே நடத்தட்டும், நம்மவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும்.

இரு தரப்புக்கும் பொதுவான அடிப்படைகளை அலட்சியமாகக் கடக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டவருக்கு வலி குறையட்டும் என்று குடும்பத்தார் முழங்காலுக்கடியில் தலையணை வைக்கிறார்கள். அது அன்புதான், ஆனால் சில வாரத்தில் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு எந்தச் செயற்கைக் காலும் பொருந்தாது. தினமும் சில தடவை 20, 30 நிமிடம் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். எலாஸ்டிக் கட்டை எட்டு வடிவில் சுற்ற வேண்டும், நுனியில் இறுக்கமும் மேலே போகப் போகத் தளர்வுமாக. வட்டமாகச் சுற்றினால் இரத்த ஓட்டம் தடைப்படும்.

இல்லாத காலில் வலிக்கிறது என்பவருக்குக் கண்ணாடிச் சிகிச்சை. தமிழரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறை இது. இருக்கும் காலின் பிம்பத்தை, இல்லாத கால் இருந்த இடத்தில் தெரியும்படி நிலைக்கண்ணாடியை நிறுத்தி, இரண்டு காலும் அசைவதாக எண்ணிப் பயிற்சி செய்வது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது; ஆனால் பலிப்பவர்களுக்குச் செலவு ஒரு கண்ணாடியின் விலை.

இனி, கோயிலுக்குப் போவதை விட்டுவிட்ட தாத்தாவிடம் வருவோம். செயற்கைக் காலைச் சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்பச் சாய்வு பார்த்துப் பொருத்துகிறார்கள். கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் அந்த உயரம் போய்விடுகிறது. கால் பின்னுக்குச் சாய்ந்து முழங்காலைப் பின்பக்கம் தள்ளுகிறது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். தரையில் சம்மணமிட்டு உட்காரவும் முடியாது. மருத்துவமனைக் குறிப்பேட்டில் அவர் "நன்றாக நடக்கிறார்" என்றே இருக்கும். இந்த விஷயத்தில் வடக்கிலிருந்து வருகிறவர்கள் நமக்கு ஆசிரியர்கள். வெறுங்காலோடு நடக்கவும் குந்தவும் சம்மணமிடவும் ஏற்றதாக 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் காலோடு, யாழ்ப்பாணத்து மையம் 1987 முதல் பழகி வருகிறது. வயலில் இறங்குபவருக்கும் கோயிலுக்குப் போகிறவருக்கும் என்ன பொருந்தும் என்று அவர்கள் சொல்ல, நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான பாடம் வேறு. செம்பனைக் குலை விழுந்தோ மரத்திலிருந்து விழுந்தோ அடிபட்டவரும், எறிகணையில் அடிபட்டவரும் வீடு திரும்பியபின் சந்திக்கும் எதிரி ஒன்றே: படுக்கைப் புண். படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். நாற்காலியில் இருந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றியோ முன்னே சாய்ந்தோ எடையை மாற்ற வேண்டும். சக்கர நாற்காலிக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2008 வழிகாட்டியில் உள்ள எட்டுக் கட்டங்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: பரிந்துரை, மதிப்பீடு, தேர்வு, நிதியும் கொள்முதலும், தயாரிப்பு, பொருத்தம் பார்த்தல், பயிற்சி, பராமரிப்பு. அரிமா சங்கம் மேடை போட்டு நாற்காலி வழங்கும்போது இவற்றில் எத்தனை நடக்கின்றன என்று விருந்தினர்களையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இரு நாட்டிலும் விடை ஏறத்தாழ ஒன்றுதான்.

படி 6: வீட்டுக்குப் போகும்போது

மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது. முன்தினமே கேட்டு இசைவு பெற வேண்டும். படம் எடுப்பதென்றால் தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம், மரியாதை இன்னொரு பக்கம். "சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், தம்பி" என்று பாட்டி சொன்னால் கால அட்டவணையைப் பார்க்காமல் உட்காருங்கள். அந்தச் சமையலறையில்தான் உண்மையான மதிப்பீடு நடக்கும்: அடுப்பு எவ்வளவு உயரம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குளியலறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகலா.

அளவு நாடாவை மறக்காதீர்கள். சாய்தளத்துக்குப் பொது விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு: 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். லயத்து வாசலில் அவ்வளவு இடம் இருக்காது. பக்கவாட்டில் திருப்பலாமா, பின்கதவைப் பயன்படுத்தலாமா என்று வீட்டாரோடு உட்கார்ந்து வரையுங்கள். கிணற்றடியும் வெளிக்கழிப்பறையும் உள்ள வன்னி வீட்டுக்கு இந்தப் பழக்கம் அப்படியே உதவும்.

படி 7: தங்குமிடமும் நாக்கடக்கமும்

ஓட்டல் வேண்டாம், மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு அறை போதும். சமையல் அவர்களே செய்துகொள்ளட்டும்.

போர்க்கதை கேட்காதீர்கள். நம் ஊரில் இது பெரிய சபலம். மாலை போட்டு மேடையேற்றி "2009இல் என்னதான் நடந்தது, சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டுவதில் நமக்கு ஒரு தாகம் இருக்கிறது. வந்திருப்பவர் தன் வீட்டில் யாரை இழந்தார் என்று நமக்குத் தெரியாது. அவராகச் சொன்னால் கேளுங்கள். தீபாவளி வாரத்தைத் தவிர்த்துத் தேதி வையுங்கள். எறிகணைக்குள் வாழ்ந்தவர்களுக்குப் பட்டாசு வெறும் சத்தமாக இருக்காது.

அரசியல் மேடை எதிலும் அவர்களை நிறுத்தாதீர்கள். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று இந்நாட்டில் 12 பேர் கைதாகி, 2020இல் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டது நினைவிருக்கும். நமக்கு ஒரு மாலை நிகழ்ச்சி; ஊர் திரும்பி அரசாங்க வேலையைத் தொடர வேண்டிய அவர்களுக்கு ஒரு புகைப்படமே போதும், விசாரணைக்கு.

படி 8: பணம்

விமான டிக்கெட், மருத்துவக் காப்புறுதி, தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, கைச்செலவு. கைச்செலவை முதல் நாளே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். படித்த மனிதரைத் தினமும் கை நீட்ட வைக்கக் கூடாது. மொத்த நிதியில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். அது அடுத்த படிக்கு.

பிரியாவிடைப் பரிசாக இயந்திரம் வாங்கிக் கொடுக்கும் ஆசை நன்கொடையாளர்களுக்கு உண்டு. உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்தில் கிடைக்காது என்றால் அது ஓராண்டில் துணி காயப்போடும் கம்பியாகிவிடும். மூட்டுக் கோணமானி, எலாஸ்டிக் கட்டுகள், நல்ல அளவு நாடா, ஸ்டாப்வாட்ச் கொடுங்கள்.

படி 9: திரும்பிய பிறகு

முதல் மாதத்திலேயே சக ஊழியர்கள் இருவருக்காவது ஒரு திறனைக் கற்பிக்க வேண்டும். ஒன்றே ஒன்று, கட்டுப் போடுவதாக இருந்தாலும் சரி. மாதம் ஒருமுறை வீடியோ அழைப்பில் ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் பேசுங்கள். நலம் விசாரிப்பில் நேரம் போய்விடாமல் இருக்க, முன்கூட்டியே ஒரு பக்கக் குறிப்பு வர வேண்டும்.

முன்னேற்றத்தை எண்ணால் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது; 2 நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார். இரண்டுக்கும் ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். வருமுன் அனுப்பிய நான்கு நோயாளிகளுக்கும் இந்த அளவுகளை வருகைக்கு முன்பும், மூன்றாம் மாதமும், ஆறாம் மாதமும் எடுத்தால், நன்கொடையாளரிடம் காட்ட அதைவிட நல்ல அறிக்கை கிடையாது. எண் மாறவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். தடை பயிற்சியிலா, மருந்திலா, பஸ் கட்டணத்திலா என்று அப்போதுதான் கேட்க முடியும். பெரும்பாலும் பஸ் கட்டணமாகத்தான் இருக்கும்.

ஆறாம் மாதம் நம் சிகிச்சையாளர் ஒருவர் அங்கே போக வேண்டும். ஒதுக்கி வைத்த பணம் இதற்குத்தான். ஒரு வாரம் போதும். சட்டம் 774 இங்கே அவர்களுக்குப் போட்ட எல்லையை நம்மவர் அங்கே தாமாகவே போட்டுக்கொள்ள வேண்டும்: நோயாளியின்மேல் கை அவர்களுடையது, கண் மட்டும் நம்முடையது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வீடு வீடாகப் போக வேண்டியிருப்பதால் பிப்ரவரி அல்லது மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ப நம் ஊர்ப் பயிற்சி ஆகஸ்டில் தொடங்கினால் கணக்குச் சரியாக வரும்.